தோள்கட்டையும் ஏழு கரண்டிகளும்

வாருங்கள் ஏட்டையா, உள்ளே வந்து உட்காருங்கள். செருப்போடு வரலாம்; இந்தத் தரையில் வெறுங்காலை வைத்தால் குளிர் முட்டி வரைக்கும் ஏறும். நீங்கள் கீழ்நாட்டுக்காரர் என்று மஃப்ளரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மலைமேல் இந்தத் தேன்பாறையில் மஃப்ளர் கட்டுகிறவர்கள் எல்லாரும் மாற்றலாகி வந்தவர்கள்தான். இங்கேயே கிடப்பவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுபது வயதைத் தாண்டிவிடுவான். எனக்கு எழுபத்தொன்று.

லைசென்ஸ் புதுப்பிக்கிற விசாரணைதானே? எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பாக்கியநாதன். பெல்மோர் எஸ்டேட் டீ ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கு எதுவும் கிடையாது. குடி கிடையாது. அக்கம்பக்கத்தில் சண்டை என்று பார்த்தால், அதை எழுத வேண்டாம், அந்த ஆளே போய்ச் சேர்ந்துவிட்டான். ஆயுதம் இரண்டு. இரண்டும் அந்தக் காலத்து ராணுவக் கைத்துப்பாக்கிகள். ஒன்று இங்கிலீஷ்காரன் செய்த வெப்ளி, இன்னொன்று ஜெர்மன்காரன் செய்த மவுசர். முன்பு மூன்று இருந்தன. ஒருவருக்கு இரண்டுதான் என்று சட்டத்தை மாற்றியதும் ஒன்றைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். மூன்று இருந்தபோது அதற்குப் பெயர் சேகரிப்பு. இரண்டு இருந்தால் என்ன பெயர், சொல்லுங்கள்? செருப்புக்கூட இரண்டுதான்.

சுட்டிருக்கிறேனா என்றா கேட்கிறீர்கள்? ஒரு தடவைகூட இல்லை. தோட்டாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. சேகரிக்கிறவன் சுட மாட்டான் ஏட்டையா. தபால்தலை சேர்க்கிறவன் கடிதமா எழுதிக்கொண்டிருக்கிறான்?

அந்த மஞ்சள் காகிதம் என்ன? ஓ, என் பழைய ரசீதா? அதை மடித்து உள்ளே வையுங்கள். அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்பது உங்கள் ஸ்டேஷன் பூனைக்குக்கூடத் தெரியும். ஏன் போட மாட்டேன் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். உங்களைப் பார்த்தால் விஷயம் புரிகிறவர் மாதிரி இருக்கிறது. உங்களுக்கு முன்னால் வந்தவர் பாதியிலேயே தலைவலி என்று எழுந்து போய்விட்டார்.

உங்கள் படிவத்தில் கடைசியில் ஒரு வரி இருக்கிறதே, லைசென்ஸில் காட்டாத ஆயுதமோ ஆயுதத்தின் பாகமோ வைத்திருக்கிறீர்களா என்று? எல்லாரும் அதில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்புவார்கள். நீங்கள் என் விஷயத்தில் ‘உண்டு’ என்று எழுதப் போகிறீர்கள். பயப்படாதீர்கள். முதலில் ஒரு டீ குடிக்கலாம்.

“ரத்னா! ஏட்டையா வந்திருக்காரு. ரெண்டு டீ போடு!”

என் மனைவி ரத்தினபாய். அந்தத் திரைக்குப் பின்னால்தான் சமையலறை. அவளுக்குக் காது மந்தம். பத்து வருஷமாக நான் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் கேட்கிறது. அதனால் நாம் தாராளமாகப் பேசலாம். என்ன சொன்னீர்கள்? நீங்கள் முணுமுணுத்தால் எனக்கே கேட்கவில்லை. சர்க்கரை வியாதியா? சொல்லிவிடுகிறேன், இருங்கள். எங்கே விட்டேன்?

மவுசர். என் அப்பா அதே ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தார். பெல்மோரின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது அந்தத் துப்பாக்கியை முறைப்படி அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பிறகு எனக்கு. வாரிசு உரிமை, எல்லாக் காகிதமும் இருக்கிறது. அதன் கைப்பிடி விளக்குமாற்றுக் கட்டை மாதிரி உருண்டையாக இருக்கும். அந்தப் பிடியின் முதுகில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன், “இந்தப் பள்ளம் எதுக்குப்பா?” அப்பா சொன்னார், “வெள்ளைக்காரன் சும்மா வெட்டியிருப்பான்.” நான் ஃபிட்டர் ஏட்டையா. சும்மா வெட்டிய பள்ளம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. பள்ளம் இருந்தால் அதில் வந்து உட்கார ஒரு நாக்கு எங்கேயோ இருக்கிறது.

பிறகு பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அந்தத் துப்பாக்கிக்கு மரத்திலேயே ஓர் உறை உண்டு. உள்ளே குடைந்த கட்டை. மூடி போட்டது. துப்பாக்கியை உள்ளே வைத்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். சண்டை வந்தால் துப்பாக்கியை வெளியே எடுத்து, அந்த உறையின் நுனியில் இருக்கும் இரும்பு நாக்கைப் பிடியின் பள்ளத்தில் செருகினால் போதும், உறையே தோள்கட்டை ஆகிவிடும். ரைஃபிள் மாதிரி தோளில் அண்டக் கொடுத்துக் குறி பார்க்கலாம். இன்னொன்று கேளுங்கள். துப்பாக்கியில் என்ன எண் வெட்டியிருக்கிறதோ அதே எண்ணை அந்த நாக்கிலும் வெட்டி அனுப்புவார்கள். என்னுடையதில் 61407. அப்படியானால் 61407 என்று வெட்டிய ஒரு தோள்கட்டை இந்த உலகத்தில் எங்கேயோ இருக்கிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்கே இருந்தது தெரியுமா? இந்தத் திரைக்குப் பின்னால் இருக்கிறவளின் அம்மா வீட்டுச் சமையலறையில். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே கரண்டிகள்.

சிரிக்காதீர்கள். யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. என் மாமனார் மாசிலாமணி அதே துரை பங்களாவில் பட்லர். துரைசானிக்கு அந்த மரக்கட்டை துரையின் இடுப்பில் தொங்குவது பிடிக்கவில்லையாம். தோல் உறை வாங்கிக் கொடுத்துவிட்டு, இதைப் பட்லர் கையில் கொடுத்து, கரண்டி போட்டு வைத்துக்கொள் என்றிருக்கிறாள். துப்பாக்கி எங்கள் டீ ஃபாக்டரி பக்கம் வந்தது, கட்டை பங்களா பக்கம் போனது. நடுவில் ஒரு மேடுதான். இருபது வருஷம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை.

எனக்கு இருபத்தொன்பது வயதில் பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். போகிற வழியில் சமையலறை. அங்கே நின்றவன்தான். கரண்டிகளை எல்லாம் உருவி மேடையில் வைத்துவிட்டு, கட்டையைத் தலைகீழாகத் திருப்பி, நாக்கில் ஒட்டியிருந்த புகைக் கரியை வேட்டி நுனியால் துடைத்தேன். ஆறு. ஒன்று. நான்கு. பூஜ்யம். ஏழு. மாமியார் உள்ளே வந்து பார்த்தபோது நான் கட்டையைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நிற்கிறேன். அந்த அம்மா வெளியே போய், “மாப்பிள்ளை கரண்டி எண்ணிப் பாக்குறாரு” என்று சொல்லிவிட்டது.

வெளியே வந்ததும் சம்மதம் என்றேன். என் அம்மா காதோடு கேட்டாள்.

“பொண்ணை நல்லாப் பாத்தியாடா?”

“பாத்தேம்மா.”

“என்ன கலர் சேலை கட்டியிருந்தா?”

“மரக் கலரு.”

பச்சையாம். பிறகுதான் தெரிந்தது.

சீர் பற்றிப் பேச்சு வந்தபோது, நகை வேண்டாம், பணம் வேண்டாம், சமையல் சாமான் மட்டும் போதும், அந்த அடுப்படியில் இருப்பது எதையும் மாற்றாமல் அப்படியே கொடுங்கள் என்றேன். எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. போதகர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் என் பெயரைச் சொல்லி, வரதட்சணை வாங்காத வாலிபன் என்று எழுந்து நிற்க வைத்தார். நானும் நின்றேன். பொய் ஒன்றும் இல்லையே.

இந்தக் கதை அவளுக்குத் தெரியாது. இன்றுவரை சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். போலீஸ்காரரிடம் மறைக்கக் கூடாது பாருங்கள்.

இதோ டீ வந்துவிட்டது. “வை, அப்படியே வை. நீ போ, நாங்க ஆபீஸ் விஷயம் பேசிட்டிருக்கோம்.” ஏட்டையா, ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சர்க்கரை இல்லையா? உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கு இருக்கிறது. பார்த்தீர்களா, ஒரு கிளாஸில் போட மறந்துவிட்டாள். வயசு. நல்லவேளை, மறந்த கிளாஸ் உங்களுக்கு வந்தது.

சரி. கல்யாணம் முடிந்தது, சீர் வந்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கரண்டிகளைக் கொட்டிவிட்டு, கட்டையைத் துப்பாக்கியின் பள்ளத்தில் செருகினேன். ‘ளக்’ என்று ஒரு சத்தம். ஃபாக்டரியில் எத்தனையோ ரோலர், எத்தனையோ ஷாஃப்ட் மாட்டியிருக்கிறேன். அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து அவள் வந்து, “அது எங்கம்மா குடுத்த கரண்டிப் பொட்டி” என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அது பெட்டி இல்லை, தோள்கட்டை என்றேன். “தோள்ல வச்சா சாம்பார் கிண்ட முடியும்?” என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, நாற்பத்திரண்டு வருஷம்.

நடுவில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் கட்டை என்னுடையது. கரண்டிகளைக் கழுவித் துண்டில் அடுக்கி வைத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டையும் சேர்த்து, தோளில் வைத்து, பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பேன். அவ்வளவுதான். பிறகு துடைத்து, திரும்பக் கொடுத்துவிடுவேன். கட்டையில் பெருங்காய வாசனை அடிக்கும். அது போகவே இல்லை.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? ஆமாம், சேர்ப்பதுதான் சட்டப் பிரச்சினை. அதைத்தான் சொல்ல வருகிறேன். கைத்துப்பாக்கி என்றால் கையில் பிடிப்பது. அதற்குப் பின்னால் கட்டையைச் செருகித் தோளில் வைத்துவிட்டால் அது கைத்துப்பாக்கியா, குட்டை ரைஃபிளா? வெளிநாட்டில் இதை வைத்தே வக்கீல்கள் வீடு கட்டியிருக்கிறார்களாம். ஓர் ஊரில் அசல் பழைய கட்டை என்றால் விட்டுவிடுவார்களாம், புதிதாகச் செய்த நகல் என்றால் உள்ளே தள்ளுவார்களாம். நம்மிடம் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். சட்டப் புத்தகம் கோயமுத்தூர் போய் வாங்கி வந்து படித்திருக்கிறேன். ஆனால் கரண்டி போட்டு வைத்தால் அது பாகமா, பாத்திரமா? புத்தகத்தில் இல்லை. அதனால் மேலே ஆபீசுக்குப் பதினோரு மனு போட்டேன். என் லைசென்ஸில் மவுசருக்கு நேரே ‘தோள்கட்டையுடன்’ என்று ஒரு சொல் சேருங்கள், அவ்வளவுதான். பத்து மனுவுக்குப் பதிலே இல்லை. பதினோராவதற்கு, ‘தாங்கள் குறிப்பிட்டுள்ள மரச்சாமான் இப்பிரிவில் கையாளப்படுவதில்லை’ என்று வந்தது. மரச்சாமான்!

எண் பற்றி எனக்கு எவ்வளவு கவனம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சமயம் புரோக்கர் ஒருவன் பழைய ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தான். எண் இருந்த இடத்தை அரத்தால் ராவியிருந்தது. எழுந்து போடா வெளியே என்றேன். துப்பாக்கியில் வெட்டிய எண்ணை அழிப்பது தனிக் குற்றம், தனிப் பிரிவு இருக்கிறது. ராவியவன் யாராக இருந்தாலும் நானே ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவேன், என் அப்பனாக இருந்தாலும் சரி என்றேன். இதையும் எழுதிக்கொள்ளலாம்.

இப்போது அந்த மஞ்சள் ரசீதுக்கு வருகிறேன். தேர்தல் அறிவித்தால் எங்களை மாதிரி ஆட்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், ஓட்டு எண்ணி முடித்ததும் திரும்ப வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனையோ தேர்தல். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியை மட்டும் கொடுப்பேன். கட்டை பாட்டுக்குச் சாம்பார்க் கரண்டியோடு இருக்கும். போன தேர்தலில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரசீதும் அரசாங்கக் காகிதம்தானே? துப்பாக்கியையும் கட்டையையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டு பெயரும் ஒரே காகிதத்தில் வந்துவிடும். பதினோரு மனு செய்யாததை ஒரு ரசீது செய்துவிடும். ரத்தினபாய் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, கரண்டிகளை என் மேசையில் கொட்டிவிட்டு, கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் இந்திராணியம்மா. நல்ல கையெழுத்து. அதனால் என்ன? ‘கைத்துப்பாக்கி 2, மரப்பெட்டி 1’ என்று எழுதிவிட்டது.

“அம்மா, அது பெட்டி இல்ல. தோள்கட்டை.”

“மூடி இருக்கு, உள்ள வெத்தா இருக்கு. பொட்டிதான் சார்.”

“மூடி இருந்தா பொட்டியா? உங்க ஜீப்புக்குக்கூடத்தான் மூடி இருக்கு.”

“சார், பின்னால பதினாலு பேரு துப்பாக்கியோட நிக்கறாங்க. நகருங்க.”

நகர்ந்தேன். ஓட்டு எண்ணி முடிந்து போனபோது துப்பாக்கி இரண்டும் பீரோவிலிருந்து பத்திரமாக வந்தன. கட்டை எங்கே என்று பார்த்தால் ரைட்டரம்மா மேசையில். உள்ளே நான்கு பேனா, ஓர் அடிக்கோல், ஒரு பசை பாட்டில். பசை வழிந்திருந்தது ஏட்டையா. பெருங்காயத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

இன்ஸ்பெக்டர் திருமலைச்சாமி அப்போது ஸ்டேஷனில்தான் இருந்தார். நல்ல மனிதர். பேனாக்களை அவரே எடுத்துவிட்டு, கட்டையைத் துடைத்து என் முன்னால் வைத்தார்.

“கோவிச்சுக்காதீங்க. மரப்பெட்டி ஒண்ணு பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.”

“மரப்பெட்டின்னு இருந்தா போட மாட்டேன்.”

“சார், பேர்ல என்ன இருக்கு?”

“நம்பர் இருக்கு, பாருங்க.” துப்பாக்கியையும் கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு எண்ணையும் காட்டினேன். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவர் முகம் மாறிவிட்டது. புரிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“அப்ப இது துப்பாக்கியோட பாகமா?”

“அதைத்தானே சொல்றேன்.”

“லைசென்ஸ்ல இருக்கா?”

“இல்ல. அதைச் சேக்கத்தான் கேக்கறேன்.”

“எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க?”

“நாப்பத்திரண்டு.”

எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பாக்கியநாதன் சார், நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. பொட்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. நான் ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு.” நான் எழுந்திருக்கவில்லை. எழுதுங்கள் என்றேன். வழக்கென்றாலும் பரவாயில்லை, வழக்கிலாவது சரியான பெயரில் எழுதுவீர்கள் அல்லவா? கடைசியில் அவர், மேலிடத்தில் கருத்துக் கேட்கிறேன் என்று கட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். முதல் தடவையாக அது பீரோவுக்குள் போனது. துப்பாக்கி இருக்க வேண்டிய பீரோ! வென்றுவிட்டேன் என்று டீக்கடையில் பத்துப் பேருக்கு போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில்தான் தொல்லை. ஏழு கரண்டியும் என் மேசையிலேயே குடியேறிவிட்டன. பத்திரிகை மேல் ரசக்கரண்டி. சட்டப் புத்தகத்துக்குள் தோசைத்திருப்பி. “என் பொட்டி எப்ப வரும்?” என்று காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மருந்து மாதிரி கேட்டாள். மேலிடத்திலிருந்து பதில் வந்தால் ஒன்று லைசென்ஸில் ஏறும், இல்லையென்றால் நான் உள்ளே போவேன், இரண்டில் எதுவானாலும் நியாயம் என்றேன். அவள் தோசைத்திருப்பியை உருவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். காதில் விழுந்திருக்காது.

மூன்று மாதம் கழித்து ஒருநாள், கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். கையில் எங்கள் கல்யாண ஆல்பம். எதற்கு என்றா கேட்கிறீர்கள்? சீர் சாமானை எல்லாம் வரிசையாக அடுக்கி ஒரு படம் எடுத்தார்கள். குத்துவிளக்கு, அண்டா, தோசைக்கல். அதற்குப் பக்கத்தில் கரண்டிகளோடு அந்தக் கட்டை. ஸ்டேஷனில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்து, “இது எங்கம்மா வீட்டுப் பொட்டி. என் வீட்டுக்காரர் என்னைக் கேக்காம எடுத்துட்டு வந்துட்டாரு” என்றாளாம். திருமலைச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்து சல்யூட் அடித்தார் என்று இந்திராணியம்மாவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ‘மரப்பெட்டி 1, கரண்டி வைப்பதற்கு, ஒப்படைக்கப்பட்டது.’ இவளும் ரத்தினபாய் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள். மேலிடத்துக்கு அனுப்பிய காகிதத்தையும் அவர் திரும்ப வாங்கிக்கொண்டாராம். பத்து வார்த்தையில் என் நாற்பத்திரண்டு வருஷ வழக்கைக் கெடுத்துவிட்டாள். ரசீதில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

ஆனால் அவள் கையெழுத்துச் செல்லாது ஏட்டையா. ஏனென்றால் எண் என்னிடம் இருக்கிறது. கடவுளே வந்து பெட்டி என்று சொன்னாலும், 61407 என்று வெட்டியிருந்தால் அது துப்பாக்கியின் பாகம்தான். நீங்கள் அந்த எண்ணைப் பார்த்து உங்கள் கையால் எழுதிவிட்டால் போதும். அதற்காகத்தான் இன்றைக்கு உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

கட்டை வீட்டுக்குத் திரும்பி வந்து மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தை இன்னும் எனக்குக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் முதுகு வலி என்றாள். ஒரு வாரம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றாள். போன வாரம் ஆராதனை நீண்டுவிட்டது என்றாள். கோபம் இருக்கும், இருக்கட்டும். இந்த வீட்டில் இப்போது எலித் தொல்லை வேறு. என் டூல் பாக்ஸில் அரங்களை வரிசைப்படி வைத்திருப்பேன். அரைவட்ட அரம் தட்டை அரத்தின் இடத்தில் கிடக்கிறது. எலி அரத்தை இழுக்குமா என்றுதானே பார்க்கிறீர்கள்? மலை எலி பெரிதாக இருக்கும்.

இருங்கள், எடுத்து வருகிறேன்.

“ரத்னா, தள்ளு. ஏட்டையாவுக்கு ஒண்ணு காட்டணும். கரண்டியை நானே எடுத்து வச்சுக்கறேன், தள்ளுன்னேன்.”

இதோ பாருங்கள். மரத்தைப் பாருங்கள் முதலில். எத்தனை வருஷத்து எண்ணெய்! பசைக் கறையைக்கூடத் துடைத்திருக்கிறாள். இதுதான் மூடி, இது ஸ்பிரிங். இப்போது நுனியைத் திருப்புகிறேன், இந்த இரும்பு நாக்கு இருக்கிறதே, இதில் இந்தப் பக்கம்...

கண்ணாடியைக் கொடுங்கள். அதோ உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பக்கம்தான். இல்லை, இந்தப் பக்கம்தான்.

“ரத்னா. நம்பர் எங்க?”

“எந்த நம்பர்?”

மெதுவாகத்தான் கேட்டேன் ஏட்டையா. முதல் தடவையிலேயே பதில் சொல்லிவிட்டாள்.

“இதுல இருந்த நம்பர், ரத்னா.”

“புளி போட்டுத் தேச்சேன். போயிருக்கும்.”

புளியாம். நான் நாற்பது வருஷம் அரம் பிடித்தவன். இது அரைவட்ட அரம். முதலில் குறுக்கே ராவி, பிறகு நெடுக்கே இழுத்து, கடைசியில் உப்புத்தாள் போட்டு, துரு ஏறாமல் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறது. ஒரு மேடு பள்ளம் இல்லை. ஓரம் மழுங்கவில்லை. தையல் மெஷின் பல் தேய்ந்தபோது அவளுக்கு ஒருநாள் சொல்லிக் கொடுத்தேன், அரத்தை முன்னால் தள்ளும்போதுதான் அழுத்த வேண்டும், இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும் என்று. என்னிடம் வேலை கற்ற ஒரு பயலும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

“என்னடி பண்ணி வச்சிருக்க? இது என்னன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். நீங்க ஜெயிலுக்குப் போற காரணம். இருக்கிறவரைக்கும் கொண்டுபோய்க் கொண்டுபோய்க் காட்டிட்டே இருப்பீங்க. வாரத்துக்கு ஒரு ஏட்டையாவை உக்கார வச்சு டீ குடுத்துக் காட்டுவீங்க. எழுபத்தொரு வயசுல உங்களுக்குச் சோறு கொண்டு வந்து குடுக்க எனக்கு முட்டி வலி.”

“நாப்பத்திரண்டு வருஷம்டி...”

“எனக்கும் நாப்பத்திரண்டு வருஷந்தான். அன்னைக்கு நான் பச்சைச் சேலை கட்டியிருந்தேன். நீங்க கரண்டியை உருவும்போது அடுப்படிக் கதவுக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்தேன். கரியைத் தொடச்சீங்க, நம்பரைப் படிச்சீங்க, சிரிச்சீங்க. என் பக்கம் திரும்பவே இல்ல. உங்களுக்கு முன்னாடியே சம்மதம்னு எங்கம்மாகிட்ட நான் சொல்லிட்டேன். ஒரு கரண்டிப் பொட்டியை இத்தனை பதனமாப் பிடிக்கிறவன் நம்மளையும் கீழ போட மாட்டான்னு நெனச்சேன். சின்ன வயசு, புத்தி இல்ல.”

ஏட்டையா, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? எங்கள் வீட்டு விஷயம் இது.

இருங்கள். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள்? அந்தக் கடைசி வரியில் ‘உண்டு’ என்று எழுதிவிட்டீர்களா? இன்னும் இல்லையா? நல்லது, அவசரப்பட வேண்டாம். கொஞ்சம் யோசிக்க வேண்டும். எண்ணை அழித்தால் தனிக் குற்றம் என்று சற்று முன்னால் நான்தான் சொன்னேன், இல்லையா? ராவியவர் யாராக இருந்தாலும் நானே கொண்டுவந்து விடுவேன் என்றும் சொன்னேன். அதை எழுதிக்கொண்டீர்களா? எழுதியிருந்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஆனால் பாருங்கள், அது துப்பாக்கிக்கும் அதன் பாகத்துக்கும்தான். அடுப்படிப் பெட்டியில் ஏதோ எண் இருந்து, அதை வீட்டுக்காரி ராவினால் எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. நான் படித்திருக்கிறேன். அண்டாவில் வெட்டிய பெயரை அழிப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

அவளைப் பார்க்காதீர்கள், என்னைப் பார்த்து எழுதுங்கள். லைசென்ஸில் காட்டாத ஆயுதமோ பாகமோ உண்டா? இல்லை. ‘இல்லை’ என்று தெளிவாக எழுதுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்றது பற்றி ஏதாவது குறித்திருந்தால் அந்தத் தாளையே கிழித்துவிடலாம், டீ சிந்திவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இதோ நானே சிந்துகிறேன்.

அந்த மஞ்சள் ரசீதை எடுங்கள். ‘கைத்துப்பாக்கி 2, மரப்பெட்டி 1.’ இந்திராணியம்மாவுக்கு நல்ல கையெழுத்து, அதை மறுக்க முடியாது. அடைப்புக்குறிக்குள் தோள்கட்டை என்றெல்லாம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் வேண்டுமானால், ‘கரண்டி ஏழு’ என்று சேர்த்துக்கொள்ளலாம். ஏழு இருக்கிறதா என்று அவளிடம் கேளுங்கள். இல்லை, நானே எண்ணியிருக்கிறேன். ஏழுதான்.

“ரத்னா, அரத்தைத் தட்டை அரத்தோட எடத்துல வச்சிருக்க. அரைவட்டம் மூணாவது.”

கேட்கவில்லையாம். பார்த்தீர்களா? காது மந்தம்.

பேனாவைக் கொடுங்கள் ஏட்டையா. எந்த இடத்தில் போட வேண்டும்?